தராசைக் காணாத ஸ்கிரிப்ட்

"தராசு இல்லை. இன்ஜினியரைக் கூப்பிடவும்."

கொல்லிமலையில் மிளகு போடும் பெண்கள் குழுவின் லேப்டாப்பில் இந்த வாசகம் வந்து நின்றது. அதை எழுதியவன் நான். கூப்பிட வேண்டிய இன்ஜினியரும் நான்தான். அந்தப் பட்டத்தை எந்தக் கல்லூரியும் எனக்குக் கொடுக்கவில்லை. மலையடிவாரத்துக் காரவள்ளியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்த பாவத்துக்கு ஊர் கொடுத்தது.

எலக்ட்ரானிக் தராசை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, மூட்டையின் எடையைப் படித்து லேபிள் அடிக்க பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். லேபிள் இல்லாத மூட்டையை வாங்க மாட்டோம் என்று வெளியூர்க் கம்பெனி சொல்லிவிட்டது. அன்று முதல் லோடு. வீடு தேடி வரும் வியாபாரிக்குப் போடாமல் குழுவுக்கே போடுங்கள் என்று திண்ணனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் முப்பது குடும்பங்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் தலைவி பொன்னம்மாக்கா. லாரி காலியாக இறங்கினால், அந்த முப்பது பேரும் அடுத்த முறை வரமாட்டார்கள்.

காலையில் போன் வந்தது.

"ஏனுங்க, மெசினு தராசே இல்லைங்குதுங்க. தராசு எம்முன்னால கல்லாட்டம் உக்காந்திருக்குது."

"ஒயரு கழண்டிருக்கா பாருங்கக்கா."

"இல்லீங்க, நல்லா அழுத்தி மாட்டியிருக்கறேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

இருபது வருஷத் தொழிலில் நான் கற்ற வித்தை அது ஒன்றுதான். பலிக்கவில்லை. எழுபது வளைவும் ஏறிப் போனேன்.

லாரி டிரைவர் சலீம் பாய் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கு மேல பனி எறங்கிரும் சார். காலி வண்டியோட வேணா போவேன், பனியில எறங்க மாட்டேன்."

கேபிளை மாற்றினேன். தராசுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீன் இன்ஜினியரைக் கூப்பிடச் சொன்னது.

"அவருதான் வந்துட்டாருன்னு அதுக்குச் சொல்லுங்க சாமி" என்றார் பொன்னம்மாக்கா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையில், எந்தப் பிழை வந்தாலும் அதை மறைத்து அந்த ஒரே வாசகத்தைக் காட்டும்படி எழுதியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று. அந்த அழகை அழித்துவிட்டு ஓட்டியதும் பைத்தான் நேராகவே சொன்னது: COM3 என்றொரு போர்ட் இல்லை. சரி, இருக்கிற போர்ட்டுகளைக் காட்டு என்றேன். தராசு COM5-இல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

லேப்டாப்பின் ஒரு துளையில் செருகினால் இந்தத் தராசுக்கு ஒரு போர்ட் நம்பர், வேறு துளையில் செருகினால் வேறு நம்பர். நானோ பழைய நம்பரை ஸ்கிரிப்டில் ஆணியடித்து வைத்திருந்தேன்.

"அக்கா, ஒயரை யாராச்சும் மாத்தி மாட்டுனீங்களா?"

"நாந்தானுங்க. காலைல பூசை போட்டு கற்பூரம் காட்டறப்பத்தான் பாத்தேன். பீச்சாங்கைப் பக்கம் மாட்டி வெச்சிருக்கறீங்க. மொத லோடை ஆராச்சும் பீச்சாங்கையில குடுப்பாங்களா? சோத்தாங்கைப் பக்கம் மாத்திட்டேன்."

"போன்ல சொல்லலியேக்கா?"

"கழண்டிருக்கான்னுதான கேட்டீங்க?"

"செரி, இப்ப திரும்ப எடப்பக்கமே மாட்டிட்டா..."

"அது ஆகாதுங்க. முப்பது ஊட்டு மொளகு."

ஆதரவு தேடி சலீம் பாயைப் பார்த்தேன். "எங்கூட்லயும் எடது கையில குடுக்க மாட்டோம் சார்" என்றார்.

வேறு வழியில்லை. யுஎஸ்பியில் செருகும் கருவிக்குத் தயாரிப்பாளர் நம்பர், மாடல் நம்பர் என்று இரண்டு உண்டு. எந்தத் துளையில் இருந்தாலும் அந்த இரண்டையும் வைத்துத் தேடு என்று ஆறு வரி எழுதினேன். ஒரு முக்காற்புள்ளியை விட்டுவிட்டதால் முதல் ஓட்டம் படுத்தது. பாய் லாரியை ஸ்டார்ட் செய்தார். புள்ளியை வைத்து மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் கறகறவென்று லேபிளைத் துப்பியது: 50.2 கிலோ. பாய் இன்ஜினை அணைத்தார்.

கடைசி மூட்டை ஏறும்போது ரோட்டில் பனி எட்டிப் பார்த்தது. லாரி இறங்கியதும், அதுவரை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், அடுத்த லோடில் எங்கள் மிளகையும் சேர்ப்பீர்களா என்று அக்காவிடம் கேட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கருவியை உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத் தேடாதீர்கள், அதன் அடையாளத்தை வைத்துத் தேடுங்கள். பிழையை ஒளித்து வைக்காதீர்கள். ஒயர் கழன்றிருக்கிறதா என்று கேட்பதற்குப் பதில், காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கற்பூரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். குறுக்கே பேசாதீர்கள்.