மைனியின் தகரத்தில் வந்தது

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து வரியில் நிற்காது, பிழையும் நிறைய வரும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கிணற்றங்கரையில் நிற்கும் கறுவாப்பட்டை மரத்தின் அடியில், துருப்பிடித்த தகரம் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. போன வாரம் என் மகன் அதைப் பிடுங்கி எறியப் போனான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். நாலு பேர் முன்னால் என்றில்லை, பெற்ற மகனிடம்கூட நீளமாகப் பேச எனக்கு நாணம். அதனால்தான் எழுதுகிறேன்.

அது மண்ணெண்ணெய்த் தகரம். அண்ணன் இலங்கையில் மாத்தளைப் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்து, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப்பெண்ணைக் கட்டினான். மூன்று மாதத்தில் நானும் வருகிறேன் என்று சொல்லி அவளை முதலில் எங்களிடம் அனுப்பினான். மைனி ஒரு கையில் பெட்டியும் மறுகையில் இந்தத் தகரமுமாகப் பாறசாலையில் வந்து இறங்கினாள். தகரத்தில் அவள் ஊர் மண்ணும் ஒரு கறுவாக் கன்றும் இருந்தன. என்னைவிட மூத்தவள். ஆனாலும் என்னை ‘நீங்க’ என்றுதான் அழைப்பாள். எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. உடனே வெற்றிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

அண்ணன் வரவில்லை. கடையை விட்டு வந்தால் திரும்ப இலங்கைக்குள் விடமாட்டார்கள் என்ற நிலை. மைனி திரும்பிப் போக இலங்கையில் தந்திருந்த அனுமதி ஆவணி முடியும் வரைதான். அதற்குள் அவளை அனுப்பிவிடு, தலைமன்னாரில் நான் வந்து நிற்பேன் என்று அண்ணன் சொல்லியனுப்பினான். அந்தச் சமயம் பார்த்து, தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் முற்றியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பஸ் நின்றது. ஊரை விட்டுப் போகும் வழியிலிருந்த பாலத்தடியில் போலீஸ் வந்து உட்கார்ந்தது. தமிழ் பேசுகிற வாலிபர்களை வழியில் கண்டால் பிடித்துக்கொண்டு போனார்கள். பகலெல்லாம் நான் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் குனிந்து கிடப்பேன். மைனி வீட்டுக்குள் கிடந்தாள். அவளைக் கூட்டிப்போக என்னைத் தவிர ஆளில்லை. ஆள் இருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள்.

“இவ இங்க இருந்தா அவன் ஒருநாள் வருவான் மக்கா. இவளும் போனா எனக்கு மூத்தமகன் இல்ல ஆக்கும்” என்று மைனி கேட்கவே அம்மா சொல்வாள். மைனி எழுந்துபோய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஆவணி பாதி போயிருந்தது.

ஒருநாள் மைனி தகரத்து மண்ணை இளக்கிவிட்டபோது பாம்புபோல ஒன்று வெளியே வந்தது. சுண்டுவிரல் கனம், தவிட்டு நிறம், எண்ணெய் தேய்த்ததுபோல் மினுமினுப்பு. கால் கிடையாது. நான் பின்னால் துள்ளினேன். மைனி சிரித்துவிட்டாள். “பயப்படாதீங்க தம்பி. எங்கட ஊர்ல கறுவா வேருக்கடியில கிடக்கும். கண்ணைப் பாருங்க, சிமிட்டுது. பாம்பு சிமிட்டுமா? இது காலில்லாத அரணை.” குனிந்து பார்த்தேன். கடுகில் பாதி இருக்கும் அந்தக் கண். இமை மூடித் திறந்தது. சிங்களத்தில் அதற்கு ஒரு பெயர் சொன்னாள். என் வாயில் அது நிற்கவில்லை. “பாவம், என்னோட சேர்ந்து இதுவும் கடல் தாண்டி வந்திட்டுது” என்றாள்.

அம்மா பார்த்துவிட்டாள். அகப்பையால் ஓங்கி ஓர் அடி. வால் துண்டாகித் தனியே துள்ளியது. உடல் மண்ணுக்குள் போய்விட்டது. “இருதலை மூரி! ரெண்டு பக்கமும் உயிர் உண்டு பாரு!” என்று மண்ணுளிப் பாம்பின் பேரைச் சொல்லி அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவர்கள் காவு என்று ஒரு தோப்பு வைத்து, அதில் நாகத்துக்கு விளக்குப் போடுகிறவர்கள். “அடிச்சது தப்பு. குடும்பம் விளங்காது. கொண்டுவந்தவளே தகரத்தோட அக்கரைக் காவுல கொண்டு விடணும்” என்றாள். ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற அம்மா, காவு என்ற பேச்சையே வீட்டில் எடுக்கவிடாதவள், அன்று முழுவதும் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும், “எலே, மைனியக் கூட்டிக்கொண்டு காவுக்குப் போ” என்றாள். மைனி நல்ல சேலை உடுத்தி வந்தாள். இடுப்புப் பக்கம் துணி முடிப்பாகப் புடைத்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு ஒன்றை மைனி கையில் வைத்தாள். ரொம்பக் கனமான பொதி. “வெயிலுக்கு முன்னே நட பிள்ளே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாலம் தாண்டினால் காவு கூப்பிடு தூரம். அங்கே போய்வர இரண்டு நாள் சோறு எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

தகரத்தை நான் சுமந்தேன். பாலத்தடியில் போலீஸ்காரர் கம்பை நீட்டினார். “எந்தா இதில்?” நான் மைனியைப் பார்த்தேன். மைனி மேல்மண்ணை விரலால் ஒதுக்கினாள். வால் போன அந்த உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. “இருதலை மூரி, சாரே. காவுக்கு ஆக்கும்” என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போனார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாம்பினெ கொண்டு போகான் ஒராள் போரே?” பாம்பைக் கொண்டுபோக ஓர் ஆள் போதாதா என்கிறார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

மைனி என் கையிலிருந்து தகரத்தை வாங்கிக்கொண்டாள். “நான் போயிருவேன். நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி” என்றாள். அந்த வழியில் அவள் ஒருநாளும் தனியாக நடந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பவே இல்லை. தகரம் இல்லாத கைகளோடு நான் நின்றேன். “போடா” என்றார் போலீஸ்காரர்.

இரண்டு நாள் கழித்து மீன்காரி ஒருத்தி கூடைக்குள் தகரத்தை வைத்துக்கொண்டு வந்தாள். “உங்க மைனி களியக்காவிளையில கோயில் சபைக்காரங்க லாரில ஏறிப் போயாச்சு. பாம்பு உள்ள தகரத்த ஏத்தமாட்டேன்னு லாரிக்காரன் ஒரே சண்டை. ஈரம் நிக்கிற அளவு தண்ணி விடச் சொன்னா” என்றாள். எந்தப் பொய் அவளைப் பாலம் தாண்ட வைத்ததோ, அதுவே தகரத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டது.

ஆவணி முடியுமுன் கரை சேர்ந்தாள் என்று தகவல் வந்தது. பிறகு எல்லை பிரித்தார்கள், நாங்கள் தமிழ்ப் பக்கம் ஆனோம். அண்ணனும் மைனியும் வரவே இல்லை. தான் சாகும்வரை தகரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது அம்மாதான். “உள்ள அந்த மூரி செத்துத்தான் கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

அந்தப் பாலத்தில் எத்தனையோ முறை பஸ்ஸில் போய்விட்டேன். இன்றும் பாலம் வந்தால் என் இரண்டு கையும் எதையோ பிடிக்கிறதுபோல விரிந்துகொள்ளும். இன்று காலை தகரத்தைத் தடவிப் பார்த்தேன். வேர் அடித்தகட்டைக் கிழித்துக்கொண்டு எப்போதோ நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. போக நினைத்தால் அந்த அரணைக்கு வழி இருந்திருக்கிறது. போயிற்றா என்று நான் கிளறிப் பார்க்கவில்லை. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

கும்ப மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.