நிரம்பாத தொட்டி

மேஸ்திரி கட்டிய கழிவுத் தொட்டி நிரம்பாது. அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். மற்ற வீடுகளில் லாரி வந்து குழாயைப் போட்டு உறிஞ்சும்போது தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மேஸ்திரியிடம் கட்டியவர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். ஆமாம், நானும்தான்.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், ஏழு அடி ஆழம் என்று நூல் பிடித்தாற்போல் அளப்பார். சுவரை வழவழவென்று பூசுவார். எல்லா அடியும் இருக்கும்; தொட்டிக்கு அடி மட்டும் இருக்காது. கான்கிரீட் போடாமல் வெறும் மண்ணாக விட்டுவிடுவார்.

"மண்ணு குடிச்சுக்கும், உங்களுக்கென்ன?" என்பார். எங்களுக்கென்ன என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அவர் முதன்முதலில் கட்டிய தொட்டி தன் அக்கா வீட்டில். செங்கல் சுமந்து அவரை வளர்த்தவள் அந்த அக்கா. போர் குழாயிலிருந்து பன்னிரண்டு தப்படி தள்ளித் தோண்டி, அவரே ஒற்றை ஆளாகக் கட்டிக் கொடுத்தார்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு மஞ்சள் காமாலை. பார்க்கப் போன மேஸ்திரியுடன் நானும் போயிருந்தேன். அந்தத் தெருவில் அவள் நான்காவது ஆள் என்று சுகாதார நர்ஸ் நோட்டும் கையுமாக வந்திருந்தார்.

"குடிக்கிறது எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதான்."

"கழிவுத் தொட்டியைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணீங்க?"

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "சுத்தம் பண்ணவே இல்லம்மா. பதினாறு வருஷமா ஒரு தடவைகூட நிரம்பல. என் தம்பி கட்டினதாக்கும்!"

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "நிரம்பலைன்னா அதெல்லாம் எங்கே போச்சு?"

"என்னடா இப்படிக் கேக்குறாங்க? நீயே சொல்லு" என்று அக்கா தம்பியைப் பார்த்தாள்.

ஏதாவது புளுகிவிடேன் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. என் வீட்டுத் தொட்டியை ஒட்டித்தானே பக்கத்து வீட்டு போர் இருக்கிறது! அவர்களுக்கு மூன்று குழந்தைகள்.

"அக்கா, அதுக்கு அடி போடலைக்கா" என்றார் மேஸ்திரி. "தெரிஞ்சேதான் விட்டேன். எல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி, உன் போருக்குத்தான் வந்திருக்கு."

அக்கா திட்டியிருந்தால் தேவலை. மகளுக்காக மோந்து வைத்திருந்த தண்ணீரை எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இன்னும் எத்தனை வீட்டுக்குடா இப்படிக் கட்டியிருக்க?"

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. "நாப்பதுக்கு மேல இருக்கும்க்கா. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லணும்."

"என் வீட்டுக்கு வர வேண்டாம்" என்றேன். "பக்கத்து வீட்ல நானே சொல்லிக்கிறேன்."

சொன்னேன். அந்த வீட்டம்மா ஒன்றுதான் கேட்டாள்: "கட்டும்போதே தெரியுமா?"

தெரியும் என்றேன்.