சைரனை அடக்கும் விசை

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றே இருந்தேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முத்தையாபுரம் தாண்டி ஒரு இறால் கம்பெனி. பட்டப்பகல். மேனேஜர், "ஏலே, கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூணையும் சேத்து அமுக்குனா சைரன் நிக்கணும். இப்ப நிக்க மாட்டேங்கு. ஒவ்வொரு தடவையும் பிளாண்டுக்குள்ள போயி நிறுத்த வேண்டிருக்கு" என்றார். திரைக்குப் பின்னால் சின்ன புரோகிராம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எக்செல் திறந்திருந்தாலும் சினிமா ஓடினாலும் அந்த மூன்று விசைகளையும் அது பிடித்துக்கொள்ளும். எவனோ எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஓடவிட்டேன். இந்த விசைகளை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று பிழை காட்டியது. முதலில் பிடித்தது விட்டால்தான் அடுத்ததுக்குக் கிடைக்கும், அதுதான் விதி. ஆனால் வேறு எதுவுமே ஓடவில்லை. விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். அதே பிழை.

மேனேஜர் டீ குடிக்கப் போனதும், எதற்கு இந்த சைரன் என்று பில் போடும் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"இறால உறைய வைக்கிற அமோனியா கேஸு கசிஞ்சா அடிக்கும்ணே. சும்மாவும் அடிக்கும். சார் நிமிந்துகூடப் பாக்காம அமுக்கிருவாரு. போன மாசம் நெசமாவே கசிஞ்சிட்டு, அப்பவும் அமுக்கிட்டாரு. உள்ள சூசை அண்ணன் நின்னாரு."

"பொழச்சாரா?"

"எங்கண்ணே. அன்னைலருந்துதான் அமுக்குனா நிக்க மாட்டேங்கு."

ஒரு ஆளைக் கொன்ற விசையைத் திரும்பக் கேட்கிறான், அதுவும் டீயை உறிஞ்சிக்கொண்டு.

மேனேஜர் திரும்பி வந்ததும், "இத நான் பண்ண மாட்டேன்" என்றேன்.

"நீ எனக்குப் புத்தி சொல்லுதியோ? போ, வேற ஆள் வருவான்."

அப்போது சைரன் அடித்தது. அந்த நாயின் கை தானாக விசைகளுக்குப் போனது. அமுக்கினான், குத்தினான், நிற்கவேயில்லை. இறால் உரிக்கும் பெண்கள் கையுறையோடு ஓடிவந்தார்கள். கடைசிப் பெண் வாசலைத் தாண்டவும் அந்த நெடி கண்ணை எரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. உள்ளே குழாய் பிய்ந்திருந்தது. மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் கேட்டுக்கு வெளியே நின்றான்.

தற்செயல் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் என் சொந்த லேப்டாப்பில், அந்தக் கம்பெனி வாசலையே மிதிக்காத லேப்டாப்பில், நானே நாலு வரி எழுதி அதே மூன்று விசைகளைக் கேட்டேன். வேறொன்று பிடித்து வைத்திருக்கிறதாம். இன்று காலையும் கேட்டுப் பார்த்தேன்.

விடவில்லை.