வெட்ட ஒன்றும் இல்லாத கதை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டு மலரைக்கூடத் தணிக்கைக்குக் கொடுத்துத்தான் அச்சிட வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் ரயிலேறி, கொழும்புக் கோட்டையில் இருந்த தணிக்கைக் கந்தோருக்கு எல்லோருடைய கட்டுரைகளையும் கதைகளையும் கொண்டுபோனவன் நான்.

தமிழ்ப் பக்கங்களைப் பார்த்த உத்தியோகத்தர் மெலிந்த மனிதர். நீலப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் வெட்டுவார். அதனால் அவருடைய கீழுதட்டில் எப்போதும் ஒரு நீலப் பொட்டு இருக்கும்.

ஒரு கிழமை கழித்துத் தாள் கட்டைத் திருப்பித் தந்தார். துறைமுகம், கப்பல், அரிசி என்று வந்த இடமெல்லாம் நீலக் கோடுகள். என் கதையில் மட்டும் ஒரு கோடும் இல்லை. அது கப்பலோடு மூழ்கிப்போன என் தம்பியை நினைத்து எழுதியது.

"இதை வாசிக்கேல்லையோ, ஐயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் வாசிச்சனான். வெட்ட ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் நீரே வெட்டிப்போட்டுத்தானே கொண்டுவந்திருக்கிறீர்."

"ஓம்" என்றேன்.

கொட்டாஞ்சேனையில் மாநாடு நடந்தது. தங்களுக்கு எத்தனை வரி வெட்டுப்பட்டது என்று பெருமையோடு சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் வாசித்தார்கள். சபை கைதட்டியது. நான் என் கதையைத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தேன். அதில் கப்பல் இல்லை, கடல் இல்லை, தம்பியின் பெயர்கூட இல்லை.

இல்லாத அத்தனையையும் அந்த நீலப் பொட்டு மனிதர் எப்படி வாசித்தார் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.