பட்சத்தில் பயணம் சொல்பவர்

"பாஸ்போர்ட்டைக் கொடுங்கோ" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்ட பிறகுதான் பட்டாபி நாற்காலியைக் காட்டுவார். வந்தவர் பெயர், ஊர், சம்பளம் எதுவும் அவருக்கு அப்போது வேண்டாம். பக்கம் பக்கமாகப் புரட்டி, விமான நிலையத்தில் குத்திய முத்திரைகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பாதி முத்திரைகள் மை காய்ந்து போனவை. போன தேதி தெரிந்தால் வந்த தேதி தெரியாது. "ஒரு புட்டி நல்ல மை வாங்கிக் கொடுத்தா கவர்மெண்டு என்ன திவாலாயிடுமா?" என்று முனகியபடி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். வந்தவர் அதற்குள் தானாகவே உட்கார்ந்திருப்பார்.

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. அதன் மாடியில் அவருடைய அலுவலகம். 'வருமான வரி ஆலோசகர்' என்று பலகை சொல்கிறது. ஊரார் ஆடிட்டர் என்கிறார்கள். "ஆடிட்டர் இல்லே, கடைசிப் பரீட்சையை மூணு தடவை எழுதி மூணு தடவையும் கோட்டை விட்டவன்" என்று ஒரு காலத்தில் விடாமல் திருத்திக்கொண்டிருந்தார். இப்போது "ஆடிட்டர் இல்லே..." என்பதோடு நிறுத்திவிடுகிறார். மீதியைச் சொல்ல அலுப்பு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவர். தோளில் துணிப்பை, அதில் தயிர்சாதம், குடை, போன வருஷத்து வரிச் சட்டப் புத்தகம், இந்த வருஷத்துப் பஞ்சாங்கம். புதுச் சட்டப் புத்தகம் விலை ஜாஸ்தி, அதனால் பழையதிலேயே திருத்தம் எழுதி ஒட்டிக்கொள்வார். பஞ்சாங்கத்தை மட்டும் தை பிறந்ததுமே எங்கிருந்தோ தேடிப்பிடித்து வாங்கிவிடுவார். வரி பார்க்கிறவருக்குப் பஞ்சாங்கம் எதற்கு என்று நானும் ஆரம்பத்தில் கேலி செய்திருக்கிறேன். எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் கிடையாது. மின்விசிறிக்கும் ஓசிப் பேப்பருக்கும் போய் உட்காருகிறவன்.

அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள். கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்துத் தொழில் பழகிக் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போகிற ஃபிட்டர்கள், வெல்டர்கள். கோயில் கட்ட மலேசியாவுக்குப் போகும் மாமல்லபுரத்துச் சிற்பிகள். எல்லோருக்கும் அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான். "நீ எங்க பொறந்தேன்னு கவர்மெண்டு கேக்காது. எங்க படுத்துத் தூங்கினேன்னுதான் கேக்கும். இந்த வருஷத்துல நூத்தியெண்பத்திரண்டு நாள் இங்க தூங்கிட்டேன்னா நீ நம்மாள். நம்மாளுக்குக் குவைத்துல வர்ற சம்பளத்துக்கும் இங்க வரி உண்டு. ஒரு நாள் குறைஞ்சா நீ வெளியாள். சந்தோஷமாப் போயிட்டு வா."

வரி வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது. எண்ணிப் பார்த்தால் செப்டம்பர் இருபத்தெட்டுக்குள் விமானம் ஏறிவிட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். நம் ஜனங்களைத் தெரியாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். ஆடியில் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஆவணியில் சொந்தத்தில் நாலு கல்யாணம். புரட்டாசி பிறந்தால் மகாளய பட்சம். செத்துப்போன முன்னோர்கள் வந்து தங்கியிருக்கும் அந்தப் பதினைந்து நாளில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, அமாவாசை கழித்துத்தான் பயணம் என்று வீட்டில் இருக்கிற பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள். அமாவாசை பல வருஷங்களில் அக்டோபரில்தான் வந்து தொலைக்கிறது.

புதுப்பட்டினம் உலகநாதன் தொண்ணூற்றேழில் அப்படித்தான் அம்மா பேச்சைக் கேட்டு அமாவாசை முடிந்து குவைத்துக்குப் போனார். திரும்பி வந்து ஒரு மனை வாங்கியபோது வரி அலுவலகம் விசாரித்தது. வரியும் அபராதமும் கட்டியதில் மனை கைவிட்டுப் போனது. "இன்னா சார் இது, அங்க வெயில்ல வெந்துகினு சம்பாரிச்சவன் நானு. இவனுங்க இங்க ஃபேனுக்குக் கீய குந்திகினு பங்கு கேக்கறானுங்க" என்று அவர் இந்த மாடியில் நின்று கத்தியதைக் கீழே மருந்து வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். பட்டாபி அன்றிலிருந்து புரட்டாசி வந்தால் கெடுபிடியாகிவிடுகிறார். பட்சமாவது ஒன்றாவது, கிளம்பு என்று விரட்டுவார். 'பட்சத்துல புள்ளய ஏத்தி வுடற ஐயரு' என்று அம்மாக்கள் மத்தியில் அவருக்குப் பெயர். அதைக் கேட்டால் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார். செப்டம்பர் முடிவதற்குள் ஆள் பாதியாக இளைத்துவிடுவார்.

இந்த 2005ஆம் வருஷம் அவருடைய மகன் அஸ்வத்துக்கே குவைத்தில் வேலை கிடைத்தது. எந்தத் தேதி சொன்னாலும் டிக்கெட் அனுப்புகிறோம் என்றது கம்பெனி. அமாவாசை அக்டோபர் மூன்று. போதாததற்கு அன்றைக்கே சூரிய கிரகணம். பட்டாபி செப்டம்பர் இருபத்தாறாம் தேதி என்று வீட்டில் பேச்செடுத்திருக்கிறார். அவர் மனைவி கோமளம் சண்டை போடவில்லையாம். ரசத்தை ஊற்றிவிட்டு, "ஊருக்கெல்லாம் நாள் சொல்லுங்கோ. எம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம்.

கோமளத்தின் தம்பி எழுபத்தெட்டில் இதே பட்சத்தில்தான் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். இரண்டு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். "அதுக்கும் பட்சத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லேன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் பட்டாபி, டீயை ஆற்றிக்கொண்டே. "ஆனா அவனுக்கு டிக்கெட் வாங்கி ரயிலேத்தி விட்டவன் நான். நான் போய் அவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்றது? அக்டோபர் அஞ்சாம் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன்."

"அப்போ வரி?"

"நான் கட்டிக்கறேன். இத்தனை வருஷமா ஊராருக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தாச்சு. என் முறை வந்திருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் இருபத்தெட்டு, புதன்கிழமை. ராகு காலம் முடிந்து கொஞ்ச நேரத்தில் முனியம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். மகன் வெல்டர், அன்று மாலை விமானத்தில் குவைத் போகிறான். நாள் குறித்துக் கொடுத்தவர் பட்டாபிதான். வாடகை வேன் கீழே நின்றது. அதில் மகனும் அவன் அப்பாவும் இருந்தார்கள். கடைசியாக ஒருதரம் பாஸ்போர்ட்டைக் காட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கை வெறுமையாக இருந்தது.

"ஐயரே, உன் புள்ளய அமாவாசி வரிக்கும் நிறுத்தி வெச்சிகினியாமே. பஸ்ஸுல பேசிகினாங்க. மெய்யா?"

"மெய்தாம்மா."

"அப்ப எம் புள்ளய மட்டும் பட்சத்துல போவ சொல்றியே. உன் புள்ளன்னா புள்ள, எம் புள்ளன்னா இன்னா தவிடா? இன்னா நாயம் இது?"

பட்டாபி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கருத்துக் கிடந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"நாயமே இல்லேம்மா" என்றார். "என் பையனுக்கு வரி வந்தா நான் கட்டிடுவேன். உன் பையன் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துட்டுப் போறான். இந்த வரியும் சேந்துண்டா அவனால எழுந்திருக்க முடியாது. நாள் கிழமை பாக்கறதுக்கும் கொஞ்சம் வசதி வேணும்மா. எனக்கு இருக்கு, பாத்துட்டேன். உனக்கு மனசு ஒப்பலேன்னா நிறுத்திக்கோ. நான் தப்பா நெனக்க மாட்டேன்."

முனியம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தார். பட்டாபி தன் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் இந்த அம்மா நிம்மதியாகப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பட்டாபி பொய் சொல்கிறவர் இல்லை.

"நிறுத்தி வெச்சா மட்டும் இன்னா, கடன்காரன் சும்மா வுட்டுருவானா? போறோம்" என்றார் முனியம்மா. "எதிர்ல இன்னா சகுனம் வருமோன்னு பயமா கீது, அவ்ளதான்."

அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. பட்டாபி சட்டென்று எழுந்தார். மூலையில் குடிப்பதற்கு நிரப்பி வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அவர் அதைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. சட்டையெல்லாம் நனைய, பின்படி வழியாக இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். மருந்துக் கடையில் நிற்கும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் குடத்தை அவள் இடுப்பில் வைத்தார்.

"அந்த வேன் கிளம்பறச்சே எதிர்த்தாப்பல நடந்து போம்மா. மெதுவா. அவா கண்ணுல படணும்."

"இன்னா சார் இது, நான் போய்..."

"கேக்காதே. போ."

ஜெசிந்தா தண்ணீர் தளும்பத் தளும்பத் தெருவில் இறங்கினாள். வேன் கிளம்பி உறுமியது. முன் இருக்கையில் இருந்த முனியம்மா குடத்தைப் பார்த்துவிட்டுக் கை இரண்டையும் கூப்பியது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. பையனுக்குக் கையசைக்கலாம் என்று பட்டாபியை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"ஒத்தப் பிராமணன் எதிர்ல நிக்கப்படாது சார்" என்றார். சொல்லிவிட்டு, மருந்துக் கடையின் பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குப் பின்னால் போய், வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.