எரியாத கிரீமும் புஷ்பம் அக்காவின் முகமும்

முகத்தைத் தொட்டுப் பிழைக்கிற தொழிலில் யாரும் நம் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வதில்லை. கண்ணாடியைப் பார்த்து, கண்ணாடியிடம்தான் சொல்வார்கள். அழகு நிலையம் வைத்திருக்கும் சக தோழிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் என் அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். வருஷக்கணக்காக நான் விற்றுவந்த கிரீமை அதன் கம்பெனி திடீரென்று மாற்றிவிட்டது. வெளுக்க வைக்கிற சரக்கை எடுத்துவிட்டார்களாம், இனி எல்லாம் மென்மையாம். டப்பாவில் இருந்த ‘வெள்ளை’ என்ற பெயரையும் எடுத்துவிட்டு, ‘செராஹ்’ என்று மலாயில் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டமும் வரைந்திருந்தார்கள். பளிச்சென்ற முகம் என்று பொருளாம்.

ஈப்போவிலிருந்து கம்பெனி மேனேஜர் வித்யா போன் செய்தார். பழைய ஆட்களிடம் புதியதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் அவரே மேலே வந்து பார்ப்பார், ஒரு முகமாவது தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சி வேறு கைக்குப் போய்விடும். அது போனால் இந்த அறை நிற்காது. நான் கீழே ஈப்போவுக்கு இறங்கி ஏதாவது தொழிற்சாலையில் நிற்க வேண்டியதுதான். இந்தக் குளிரை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

எரிச்சல்

முதலில் வந்தவர் சரோஜா. தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவர். பழைய கிரீம் சுள்ளென்று எரியும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தலைவலித் தைலம் தொடங்கி எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

புதியதைத் தடவியதும் சரோஜா கண்ணை இறுக மூடி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

“எரியவே இல்லயே மேகலா. கம்பெனில மருந்து போட மறந்துட்டாங்களா?”

வாசனை

கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை போட்டிருக்கும் அம்மாவுக்கு எரிச்சல் பிரச்சினை இல்லை. அவருடைய குறை வேறு. பழையதில் ரோஜா வாசனை கடையைத் தாண்டி பஸ் நிற்கும் இடம்வரை போகும். புதியதில் வாசனையே கிடையாது. தோலுக்கு அதுதான் நல்லது என்று கம்பெனி சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே ஒப்பித்தேன். அவர் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி மோந்து பார்த்தார்.

“வாசனையே இல்லன்னா, நான் பூசியிருக்கேன்னு பக்கத்துக் கடைக்காரிக்கு எப்படி லா தெரியும்?”

பாதி முகம்

ஒரு கன்னத்தில் பழையது, மறு கன்னத்தில் புதியது. இப்படிப் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள் என்பது வித்யாவின் யோசனை. இந்தக் கூத்துக்கு ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் அந்தோணி. ஆண்கள் மாடிப்படி ஏறி என் அறைக்கு வருவதே அபூர்வம். அவர் வந்ததும் புதியதை வலது கன்னத்துக்கு, பழையதை இடது கன்னத்துக்கு என்று பிரித்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து வந்தார். இடது கன்னம் பரவாயில்லை, வலது கன்னம் கறுத்துக் கிடந்தது. புதியது பூசிய பக்கம். அப்புறம்தான் உறைத்தது, லோரியில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். மழை விட்ட நேரமெல்லாம் ஈப்போ சாலையின் வெயில் அந்தக் கன்னத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு அந்தோணி நிதானமாகத் தலையாட்டினார்.

“அடுத்த தடவ கிரீம் குடுக்கறப்ப, ஸ்டியரிங் லெப்ட்ல இருக்கிற லோரியும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க மேகலா.”

தேறிய முகம்

மிச்சமிருந்தது புஷ்பம் அக்கா. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை. கன்னம் இரண்டும் எப்போதும் சிவந்து, தோல் உரிந்து கிடக்கும். பனிக்காற்று என்று அவரும் சொல்வார், நானும் ஆமாம் போடுவேன். மழை தொடங்கிய வாரம் அவர் பூசிக்கொண்டிருந்த பழைய டப்பாவை வாங்கிக்கொண்டு புதியதைக் கையில் கொடுத்திருந்தேன்.

வித்யா வந்த அன்றைக்குத்தான் மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. புஷ்பம் அக்கா படியேறி வந்து தலைத்துணியை அவிழ்த்தார். சிவப்பு இல்லை, உரிசல் இல்லை, கன்னம் இரண்டும் வழவழவென்று இருந்தன. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வித்யா போனை எடுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று படமாக எடுத்துத் தள்ளினார். “இதான் எங்களுக்கு வேணும்! எப்படி யூஸ் பண்ணீங்கக்கா, காலையிலயா ராத்திரியா?” என்று கேட்டார்.

புஷ்பம் அக்கா பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். மூடியின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள்கூடக் கிழியவில்லை.

“எங்க பூசறது? செராஹ்னு போட்டு சூரியன் படம் வேற போட்டிருக்கு. டிவியில வானிலை சொல்றப்ப செராஹ்னா வெயிலடிக்கும்னுதானே அர்த்தம்? வெயில் நாளைக்குப் பூசறதுன்னு எடுத்து வச்சிட்டேன். இங்கதான் ஒரே மழையாச்சே. பழசயும் மேகலா வாங்கிகிச்சி. மொகத்துக்கு வெறும் தண்ணிதான் மா.”

நான் ஆவி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஈப்போ தொழிற்சாலையின் வாசல் கண்ணெதிரே தெரிந்தது. புஷ்பம் அக்கா மட்டும் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு நல்லா செராஹ். பூசிடட்டுமா?” என்று வெள்ளித்தாளில் நகத்தை வைத்தார். பாய்ந்து அவர் கையைப் பிடித்தது நானில்லை, வித்யா.

“ஐயோ வேணாங்க்கா! அப்படியே விட்டுடுங்க!”

வித்யாவுக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது, ஏஜென்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, புஷ்பம் அக்காவின் படமும் சுவரில் இருக்கிறது, யாராவது கேட்டால் ‘இது எங்கள் கிரீமைத் தொடாத முகம்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அவர்களும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டுதான் படியிறங்குகிறார்கள்.