ஒன்பதாவது கிணறு

என் மேசை இழுப்பறையில், சில தாள்களை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த ஒரு தனிப்பிரதி கிடக்கிறது. கட்டுரை எழுதியவருக்கென்று ஆய்விதழ்க்காரர்கள் அந்தக் காலத்தில் தனியாக அச்சிட்டு அனுப்புவது. நாலாம் பக்கத்தில் கிணறுகளின் அட்டவணை. ஒன்பதாவது வரிசையில் அச்சான எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் வேறோர் எண்ணைப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார் எங்கள் கெமிஸ்ட்ரி சார்.

ஆசிரியர்கள் எழுதியவற்றையெல்லாம் பழசு புதுசு பாராமல் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று உத்தரவு வந்த வருடம் அது. கல்லூரி நூலகர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பணியில் இருந்தவர்களிடம் கட்டுரை கேட்டு நடந்து என் செருப்புத்தான் தேய்ந்தது. ஓய்வுபெற்றுப் பல வருடமான சாரோ, கேட்காமலே உச்சிவெயிலில் குடையோடு வந்து நின்றார். நூலகப் புத்தகத்தில் யாராவது ஒரு கோடு போட்டிருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் கேட்டு வாங்கி அழிக்கிற மனிதர். தன் கட்டுரையில் தானே பென்சில் வைத்திருந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவர்தான் சொன்னார். குருவிகுளம் பக்கத்து ஊர்களின் குடிநீர்க் கிணறுகளில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சோதித்து எழுதிய கட்டுரை அது. ஒன்பதாவது கிணற்றுத் தண்ணீரைச் சுத்த நீர் கலந்து நீர்க்கவைத்துச் சோதித்தவர், கணக்குப் போடும்போது அதற்கு ஈடாகப் பெருக்க மறந்துவிட்டார். கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராக அச்சாகிவிட்டது. தவறு தெரிந்தபோது அந்த ஆய்விதழே நின்றுபோயிருந்தது. திருத்தம் போட இடமில்லை. அந்தக் கிணறு இருந்த ஊருக்கே போய்ச் சொன்னாராம். அவர் முன்பு கொடுத்திருந்த அச்சுப் பிரதியையே எடுத்து நீட்டி, "நீங்கதான சார் நல்ல தண்ணின்னு போட்டிருக்கிய" என்றார்களாம்.

"பிள்ளைக பல்லெல்லாம் காவி அடிச்ச மாதிரி ஆயிட்டும்மா. இன்னமும் அதைத்தான் குடிக்காவ. இத அப்படியே ஏத்திருங்க. பென்சில்ல இருக்கதுதான் சரி."

"ஏத்திருதேன் சார்" என்றேன். அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரதியைத் திரும்பக்கூட வாங்காமல் போனார்.

நான் ஏற்றினேன். கோப்பு சிறியதாக இருக்க வேண்டும், பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லாக் கட்டுரைக்கும் செய்வதுபோல ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளையில் வைத்து, அழுக்கு நீக்குகிற வசதியையும் தட்டிவிட்டேன். பழுப்பெல்லாம் போய்ப் பக்கங்கள் பளிச்சென்று வந்தன. அன்றைய கணக்கு முடிந்த மகிழ்ச்சியில் மறுபடி பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து ஒரு கிளார்க் வந்தார். கையில் களஞ்சியத்திலிருந்து எடுத்த அச்சு. "மேடம், இந்தக் கிணத்துல மோட்டார் வச்சுத் தொட்டிக்கு ஏத்தப் போறோம். உங்க காலேஜ் சார் எழுதினதுதான்னு ஒரு சீல் வச்சுத் தாங்க." ஒன்பதாவது வரிசையைப் பார்த்தேன். கோடும் இல்லை, ஓரத்து எண்ணும் இல்லை. ஸ்கேனர் பென்சிலையும் அழுக்கோடு சேர்த்துத் துடைத்திருந்தது. இழுப்பறையைத் திறந்து தனிப்பிரதியைக் காட்டினேன், தண்ணீரை மறுபடி சோதிக்கச் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சுல இருக்கத நம்பவா, பென்சில்ல இருக்கத நம்பவா மேடம்? சரி, பாப்போம்" என்று சீல் இல்லாமலே போய்விட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஏற்றியதை மாற்ற வேண்டுமானால் ஆசிரியரின் கையெழுத்தோடு புதுப் படிவம் வேண்டும் என்று பதில் வந்தது. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், பஸ் நகரவில்லை, இறங்கி நடந்தேன். அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்திருப்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சுருண்டுகிடந்த வலது கையில் அவர் மனைவி கோயில் புற்றுமண்ணைப் பூசியிருந்தார். பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்தில் சார் குழறியது எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து கேட்டேன்.

"ஏத்தியாச்சாம்மா?"

இடது கையில் பேனாவைக் கொடுத்திருக்கலாம். கைநாட்டாவது வாங்கியிருக்கலாம். அதற்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"ஏத்தியாச்சு சார்."

அவர் முகம் தெளிந்தது. மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, படிவத்தை எடுக்காமலே திரும்பினேன். அடுத்த மாதம் சார் போய்விட்டார். ஸ்கேனர் செய்ததை மன்னிக்கலாம், அது இயந்திரம். அன்று அந்தக் கட்டிலருகே நான் செய்தது என் கோழைத்தனம், அதற்கு வேறு பெயர் இல்லை. கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது என்று பல்கலைக்கழகம் இன்றுவரை ஒரே பதிலைத்தான் சொல்கிறது. நானே ஊருக்குப் போய்ச் சொல்லியும் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டிக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பெண், "கம்ப்யூட்டர்லயே நல்ல தண்ணின்னு இருக்காமே" என்று சிரித்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, இப்போதுதான் பல் முளைத்திருந்தது.

தனிப்பிரதியை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். தாள் உரசி உரசிப் பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. கணினியைத் திறந்தால் அந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. அதில் சாரின் பெயருக்குக் கீழே ஒன்பதாவது கிணறு இன்றும் நல்ல தண்ணீர்தான்.